வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி: 3,000 ரூபாய் பெறுமா?

2025 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சபைக்கு ஒரு கடிதம் வந்தது. வழிபாட்டிடங்களின் வாசலில் நிற்கிற தொண்டர்களுக்கு ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி, ஆளுக்கு 3,000 ரூபாய், மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம், ஒரு கோயிலிலிருந்து குறைந்தது மூன்று பேர் வரவேண்டும். பாதர் வாசித்து முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு கோயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் படலையில் நின்று பை சோதித்த மூன்று பேரில் மிச்சம் நான் மட்டும்தான். ஒருவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். மற்றவர் சேமக்காலையில் இருக்கிறார்.

சரி என்று பாடகர் குழுவில் இருக்கிற இரண்டு பெடியன்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து மற்றக் கோயில்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்து, "அண்ணை, காசு கட்டலாமோ?" என்று கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்களோ நாலைந்து பேர் சேர்ந்து ஓட்டுகிற சின்னக் குழு. வேண்டியவர்கள் தங்கள் பாதரையோ தர்மகர்த்தாவையோ கேட்டால் கடிதம் மேசையில் கிடக்கும்.

என்னைப் பற்றி ஒரு வரி. டவுனில் 30 வருசமாக ஹாட்வெயர் கடை வைத்திருக்கிறேன். பூட்டு, பிணைச்சல், தாழ்ப்பாள், திறாங்கு விற்றுப் பழகிய கண். அந்தக் கண்ணால்தான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்துக்கொண்ட சனிக்கிழமை. தகரக் கூரை போட்ட மண்டபம், அதனால் முதல் ஒரு மணித்தியாலம் பேசியது பாதிக்குப் பாதி கேட்கவில்லை. முப்பது பேர் வரை வந்திருந்தோம். எங்கள் ஆட்கள், தென்னிந்திய திருச்சபை ஆட்கள், பிள்ளையார் கோயில் ஒன்றிலிருந்து மூன்று பேர், ஐந்து சந்திப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து இருவர். பயிற்சி தந்தவர் கொழும்பிலே பாதுகாப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வத்தளைத் தமிழர். பிற்பகலுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு அக்கா. அவர் உளவளத்துணை செய்கிறவர்.

முதல் படம் திரையில் விழுந்ததும் எல்லாருக்கும் ஒரு சின்ன ஏமாற்றம். 2019இல் குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோயில் வரும், கட்டுவாப்பிட்டிக் கோயில் வரும் என்று இருந்தோம். வந்தது அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து யூதத் தொழுகைக்கூடம் ஒன்று. அடுத்தது ஜேர்மனி. அதற்கடுத்தது ரெக்சாஸ். பிள்ளையார் கோயில்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதென்ன, யூதற்றை பாடமோ?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

வத்தளைக்காரருக்கும் கேட்டிருக்கவேண்டும். அவர் சொன்ன விளக்கம் சுருக்கமானது. வாசலில் காவல் வைத்துக்கொண்டு கும்பிடுகிற நிலைமை அந்தச் சனத்துக்குக் கனகாலமாக இருக்கிறது. 1986இல் இஸ்தான்புல் நெவே ஷாலோம் தொழுகைக்கூடத்தில் சனிக்கிழமைத் தொழுகையில் இருந்த 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், 2003இல் அதே இடத்தில் குண்டு வைத்தார்கள். 2008இல் மும்பாயில் யூதர் நிலையமான நரிமன் இல்லத்தில் ரபியையும் (யூதக் குரு) மனைவியையும் கொன்றார்கள், அவர்களின் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பவைத்தது அங்கே வேலை செய்த இந்தியப் பெண். பட்டபாட்டை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே 1994 முதல் கம்யூனிற்றி செக்கியூரிற்றி ட்றஸ்ற் என்று ஒரு அமைப்பு இயங்குகிறது, தொழுகைக்கூடத்து ஆட்களையே தொண்டர்களாகப் பழக்குகிறது. "நாங்கள் 2019இல தொடங்கினதை அவங்கள் எப்பவோ தொடங்கீற்றாங்கள், பிழை விட்டுத் திருத்தியும் போட்டாங்கள். அந்தப் பிழையை நாங்களும் விடவேணுமோ?" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். இங்கே யூதர் ஒருவரை நேரில் கண்டவர் யார்?

ஒரு கையும் எழும்பவில்லை. பின் வரிசையில் ஒருவர், "யேசுவைத் தவிர ஒருத்தரையும் காணேல்லை" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வேறொன்று ஞாபகம் வந்தது. பத்துப் பதினொரு வயதில் எங்கள் கோயில் பாடுகளின் காட்சியில் எனக்குத் தந்த வேசம் "யூதர் கூட்டத்தில் ஒருவன்". கறுப்புத் தாடி ஒட்டி, முட்டியை மடக்கிக் காட்டி, "சிலுவையில் அறையும்" என்று கத்தவேண்டும். நல்லாய்க் கத்தினதற்கு மாஸ்ரர் ஒரு பெப்பர்மின்ற் தந்தார். யேசுவுக்குத் தாடி ஒட்டவில்லை, அவர் வெள்ளையாக இருந்தார், அவர் யூதர் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. யேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டக்கூடாது என்று திருச்சபை 1965 ஒக்ரோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டிலே எழுதியாயிற்று. அந்த ஏடு எங்கள் ஊர் மேடைக்கு வந்துசேரத் தாமதம். இது பயிற்சியில் வரவில்லை, வந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. அடிக்க வருகிறவனை மறிப்பது ஒரு வேலை. அவனுக்கு அந்தக் கோபத்தைச் சின்ன வயதில் ஊட்டிவிட்டது யார் என்று பார்ப்பதும் வேலைதான்.

அடுத்தது எல்லாரும் எதிர்பார்த்த கேள்வி. கேட்டவர் என் வயதுக்காரர். "கிபிரைக் குடுத்தவங்களுக்கு நாங்கள் ஏன் அழவேணும்?" மண்டபத்தில் மழைச்சத்தம் மட்டும். கிபிர் என்றால் போர்க்காலத்தில் எங்கள்மேல் குண்டு போட்ட, இஸ்ரேல் விற்ற விமானம். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் மனுசி மேலே பார்ப்பாள்.

வத்தளைக்காரர் வாதாடவில்லை. பிற்ஸ்பேர்க்கில் 2018 ஒக்ரோபர் 27 அன்று செத்த 11 பேரின் வயதை மட்டும் சொன்னார். ஆக இளையவருக்கு 54. ஆக மூத்த அம்மாவுக்கு 97. "அந்த அம்மா ஆருக்கும் பிளேன் விக்கேல்லை, ஐயா." கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தார். அன்று முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அரசாங்கம் ஒன்று செய்ததற்குத் தொழுகைக்கு வந்த கிழவியைச் சுடுவது என்றால், அந்தக் கணக்கில் நாங்கள் ஒவ்வொருவரும் எத்தனை தரம் செத்திருக்கவேண்டும்? அதோடு அங்கே சுட்டவன் இஸ்ரேலை நினைத்துச் சுடவும் இல்லை. அகதிகளுக்கு உதவுகிற யூத அமைப்பு ஒன்றின்மேல் ஆத்திரப்பட்டு வந்தவன். அகதிக்கு உதவியதற்காக! எங்கள் ஊரில் பாதி வீடு அப்படிப்பட்ட உதவியில் வெளிநாடு போய்த் தப்பியது.

இனி விசயத்துக்கு வருகிறேன். பிற்ஸ்பேர்க் தொழுகைக்கூடத்து வாசலில் நெடுநாளாக நின்று, வருகிறவர்களை வரவேற்றுச் செபப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவந்தவர் ஒருவர். அவரும் தம்பியும் ஐம்பது வயது தாண்டியவர்கள், புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் என்று உலகம் சொல்லும் வகை, ஒரு தொழுகையும் தவறவிடாதவர்கள். அன்றும் நேரத்தோடேயே வந்திருந்தார்கள், இருவரும் செத்தார்கள். அவர்களின் படத்தை வத்தளைக்காரர் அடுத்த படத்துக்குத் தாண்டாமல் கொஞ்ச நேரம் விட்டார். எங்கள் கோயிலிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். பூசை தொடங்க அரை மணித்தியாலம் முந்தியே வந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் கை நீட்டுவான். யார் புதிது, யார் பழசு என்று அவனுக்குத்தான் அச்சொட்டாகத் தெரியும். அவனை நாங்கள் ஒருநாளும் வாசல் குழுவில் சேர்த்ததில்லை. இப்போது சேர்த்திருக்கிறோம், பக்கத்தில் ஒரு பெடியனையும் நிறுத்தி.

ரெக்சாஸ் கதை வேறு வகை. கொலிவில் என்ற ஊர், 2022 ஜனவரி 15. குளிரில் வந்து கதவைத் தட்டியவனை ரபி உள்ளே விட்டு, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக் கதைத்திருக்கிறார். தொழுகையின்போது அவர் எருசலேம் பக்கம் திரும்பி நின்ற நேரம் முதுகுக்குப் பின்னால் துவக்குச் சத்தம் "கிளிக்" என்றிருக்கிறது. நான்கு பேரைப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தான். ஒருவரை இடையில் விட்டான். கடைசியில் ரபி சமயம் பார்த்து ஒரு கதிரையைத் தூக்கி அவன்மேல் எறிய, மற்ற இருவரோடும் சேர்ந்து கதவால் வெளியே ஓடினார். தான் முன்னே எடுத்திருந்த பயிற்சிகள்தான் காப்பாற்றின என்று பிறகு அவரே சொன்னார்.

இதைக் கேட்டதும் என் பெடியன்களில் ஒருவன், "அப்ப தேத்தண்ணி குடுக்கக்கூடாதோ?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பயிற்றுநர் சொன்னது: கொடு, ஆனால் கதை. எங்கே இருந்து வாறீங்கள், யாரைத் தெரியும், பூசைக்கோ வந்தனீங்கள் என்று வாய் நிறையக் கதை. நல்ல மனதோடு வந்தவனுக்கு அது உபசாரம். கெட்ட மனதோடு வந்தவனுக்கு அது தொந்தரவு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பையோடு வந்தவனைச் சபையில் ஒருவர் வாசலில் மறித்துக் கேள்வி கேட்டார், உள்ளே விடவில்லை. வெளியிலேயே வெடித்தது, மறித்தவரும் போய்விட்டார், பிள்ளைகளும் போனார்கள், ஆனால் உள்ளே நிறைந்திருந்த சபை தப்பியது. கோபன்ஹேகனில் 2015 பெப்ரவரியில் யூதப் பிள்ளை ஒருத்தியின் சமயச் சடங்குக் கொண்டாட்டத்தில் சுமார் 80 பேர் உள்ளே இருக்க, வாசலில் நின்ற தொண்டர் சுடப்பட்டு இறந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் நிற்கப் பழக வந்த முப்பது பேரும் அந்த நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கதவுக்கு வருகிறேன், என் பகுதி. ஜேர்மனியில் ஹாலே என்ற நகரம், 2019 ஒக்ரோபர் 9, யூதர்களின் பெரிய நோன்புநாள். உள்ளே ஐம்பது பேர் வரை. வெளியே பொலிஸ் காவல் இல்லை. வந்தவன் கதவைச் சுட்டான், குண்டு எறிந்தான், கதவு விடவில்லை. உள்ளே இருந்தவர்கள் கமராத் திரையில் அவனைப் பார்த்தபடியே கதவுகளுக்கு மேசை கதிரைகளை முட்டுக்கொடுத்தார்கள். உள்ளே போக முடியாமல் அவன் தெருவில் போன ஒரு பெண்ணையும் கெபாப் கடையில் ஒரு இளைஞனையும் கொன்றான். அந்தக் கதவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஓக் மரம். குண்டு துளைத்த ஓட்டைகள். முப்பது வருசத்தில் எத்தனை கதவுச் சாமான் விற்றிருப்பேன், ஒரு கதவை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வருசம் அதே நாளில் அந்தக் கதவையே நினைவுச் சின்னமாக முற்றத்தில் நிறுத்திவிட்டார்களாம். பயிற்சிக்கு இரண்டு மூன்று கிழமை முன்பு இங்கிலாந்தின் மான்செஸ்ரரிலும் அதே நோன்புநாளில், தாக்க வந்தவன் நுழையாதபடி தொழுகைக்கூடத்துச் சபையார் கதவை உடம்பால் அண்டி மூடி நின்றார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவருக்குப் பட்டது பொலிஸின் சூடு.

சரி, உங்கள் கோயில் கதவு எப்படி என்று வத்தளைக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொருவரும் தாளில் கீறிக் காட்டவேண்டும். நான் பெருமையாகக் கீறினேன். முன் கதவு பழங்காலத்துத் தேக்கு, உள்ளே குறுக்குத் திறாங்கு, கையளவு பிணைச்சல். அவர் பார்த்துவிட்டுப் பக்கக் கதவில் விரலை வைத்தார்.

"இது எந்தப் பக்கம் திறக்கும்?"

"உள்ளுக்கு."

"சனம் நெரிச்சுக்கொண்டு ஓடி வந்தா?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"பூட்டோ?"

"ஓம். மாங்காய்ப் பூட்டு."

"சாவி ஆரிட்ட?"

சாவி மணி அடிக்கிறவர் வீட்டில். அவர் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வருவதில்லை, மகனைக் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப் போவார். கதவுக்கு முன்னால் திருநாள் கொடித்தடிகளும், கிறிஸ்மஸ் குடிலும், கால் உடைந்த மூன்று வாங்கும். கோயிலுக்குப் பூட்டு விற்றது நான், அந்தப் பூட்டையும் சேர்த்து. முப்பது வருசமாக உள்ளே வருகிறவனை மறிப்பதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன், உள்ளே இருக்கிறவன் வெளியே போவதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த ஐந்து நிமிடத்துக்கே 3,000 கொடுக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது குறைகள்.

கைநூல். 24 பக்கம், பளபளப்பான தாள், தமிழ்தான் பாவம். யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. துவக்கோடு உள்ளே நுழைந்து சுட்டுக்கொண்டே போகிறவனுக்கு ஆங்கிலத்தில் "அக்ரிவ் ஷூற்றர்" என்பார்கள், அதில் உள்ள பெயர் "சுறுசுறுப்பான சுடுநர்". பள்ளிவாசலில் இருந்து வந்தவர் அதை வாசித்துவிட்டு, "அப்ப சோம்பேறிச் சுடுநரும் இருப்பாரோ?" என்று கேட்க, பயிற்றுநரே சிரித்துவிட்டார். ஓடு, ஒளி, அறிவி என்று மூன்று சொல்லில் முடிகிறதை அரைப் பக்கத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். கைநூலை நம்பிப் போகாதீர்கள், கொப்பி கொண்டுபோய் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலுதவிப் பெட்டி. இது தனிக் காசு, 6,500 ரூபாய், கட்டாயமில்லை. இரத்தப்போக்கு நிறுத்துகிற பகுதி நல்லது, அதை ஒருவரும் தவறவிடவேண்டாம்: அழுத்து, காயத்துக்குள் துணியைத் திணி, கை காலென்றால் மேலே இறுக்கிக் கட்டு. என் கையில் கட்டி முறுக்கினார்கள், நோவில் கண்ணுக்குள் தண்ணீர் வந்தது, "நோகாட்டி அது கட்டு இல்லை" என்றார் அந்த அக்கா. ஆனால் பெட்டியில் வருகிற முறுக்குப் பட்டியைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்குகிற தடி மட்டமான பிளாஸ்ரிக். மூன்றாவது சுற்றில் வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. நான் காட்டிக் கொடுத்தேன், நடத்துகிறவர்கள் முகம் கறுத்தது. அதற்கு இரண்டு அங்குல அகலத்தில் கிழித்த சாரத் துண்டும் ஒரு அகப்பைக் காம்பும் மேல். போர்க்காலத்தில் இதைச் செய்து பழகிய கைகள் அந்த மண்டபத்திலேயே ஏழெட்டு இருந்தன. பெட்டியை வாங்காதீர்கள்.

சாப்பாடு. கோழிச் சோறு என்று சொல்லி வந்தது, கோழி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மரக்கறி கேட்ட பிள்ளையார் கோயில்காரருக்கு அதே பார்சலில் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பல சமயத்தாரையும் கூட்டிவைத்துச் செய்கிற காரியத்தில் இது பெரிய பிழை. அவர்கள் வெளியே போய் ரீயும் வடையும் சாப்பிட்டு வந்தார்கள். முஸ்லிம் ஆட்கள் இருவரும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், அனுபவசாலிகள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். நாங்கள் வாசலில் நிற்க, இருவர் வருவார்கள், யாரை மறிப்பது என்று நாங்கள் தீர்மானிக்கவேண்டும். ஒருவர் தொப்பி, தாடி, நீளச் சட்டை, கையில் பை. மற்றவர் மழித்த முகம், மடிப்புக் குலையாத சேர்ட்டு, கையில் ஒன்றுமில்லை, சிரித்த முகத்தோடு, "பூசைக்கு எத்தனை பேர் வருவினம், எந்தக் கதவால வெளியில போவினம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். முப்பது பேரில் முக்கால்வாசிப் பேர் தொப்பிக்காரரை மறித்தோம். நானும்தான். பள்ளிவாசல்காரர் இருவரும் சேர்ட்டுக்காரரை மறித்தார்கள். உடுப்பைப் பார்க்காதே, நடத்தையைப் பார் என்பது பாடம். பாடம் எல்லாருக்கும் விளங்கியது. எனக்கு மட்டும் அது பாடமாக நிற்கவில்லை.

2019 ஆனி மாதம், அந்தோனியார் திருநாள். வருசா வருசம் வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகிற முஸ்லிம் துணி வியாபாரி ஒருவர் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு முகம் தெரியும், கடையில் ஆணி வாங்கியிருக்கிறார். அன்று நான் அவருடைய பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன், பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்க. இரண்டு மெழுகுதிரி, கிளினிக் காட், ஒரு பேரீச்சம்பழப் பக்கற். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார், மெழுகுதிரியை மட்டும் மேசையிலேயே விட்டார், உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார். பிறகு வரவில்லை. அவரும் 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரோடும் ஒரே நாளில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, பிறகு திரும்பி வந்தவர்.

அதனால்தான் பிற்பகல் பகுதியை நான் அவ்வளவு எதிர்பார்த்தேன். நிகழ்ச்சி நிரலில் "பிறகு என்ன?" என்று 45 நிமிடம் போட்டிருந்தார்கள். காலையில் எல்லாம் இழுபட்டு, மட்டக்களப்பு அக்காவுக்குக் கிடைத்தது 20 நிமிடம். இந்தப் பயிற்சியின் பெரிய பிழை இதுதான், சாப்பாடு எல்லாம் சும்மா.

அந்த 20 நிமிடத்தில் அவர் சொன்னவை. பிற்ஸ்பேர்க்கில் இறந்தவர்களின் உடல்கள் பரிசோதனைக்காக வைத்திருந்த இடத்தில், யூத முறைப்படி தனியே விடாமல் தொண்டர்கள் முறை வைத்து விழித்திருந்தார்கள். சாவீட்டில் விழிக்கிற எங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அடக்கம் முடிந்து ஏழு நாள் வீட்டில் இருப்பார்கள், அயலவர் சாப்பாடு கொண்டுபோவார்கள். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ இருந்து நூலில் பின்னிய நட்சத்திரங்களை அனுப்ப, அவற்றை அந்தப் பகுதி மரங்களில் கட்டினார்கள். அமெரிக்க முஸ்லிம்கள் அடக்கச் செலவுக்கென்று சேர்த்த காசு 200,000 டொலரைத் தாண்டியது. ஐந்து மாதம் ஆகமுந்தி, 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிற்ஸ்பேர்க் யூதர்கள் அங்கே காசு சேர்த்து அனுப்பினார்கள். இதைச் சொன்னபோது பள்ளிவாசல்காரர் ஒருவர் போனை எடுத்து எழுதிக்கொண்டார்.

அங்கே தாக்குதல் நடந்த திகதியின் பெயரிலேயே 10.27 என்று ஒரு ஆற்றுப்படுத்தல் நிலையம் தொடங்கி, வருசக்கணக்காக நடத்தினார்கள். வழக்கு விசாரணை 2023இல்தான் நடந்தது. ஐந்து வருசம் கழித்து நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டுமே. தப்பியவர்களுக்கு மட்டும் என்றில்லை, பயத்தில் தொழுகைக்குப் போகாமல் விட்டவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நவாலி வந்தது. 1995 ஆடி 9, இடம்பெயர்ந்து பேதுருவானவர் கோயிலில் ஒதுங்கியிருந்த சனத்தின்மேல் குண்டு போட்டார்கள், நூற்றுக்கு மேல் செத்தார்கள். என் சின்னம்மாவின் வீடு அங்கேதான். அவ தப்பினா. பிறகு இருபது வருசம் உயிரோடு இருந்தா, கோயிலுக்குப் போனா கடைசி வாங்கில், கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பா. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை, வேறு ஒருவரும் கேட்கவில்லை. வருசா வருசம் பூசை வைத்தோம், பெயர் வாசித்தோம், அதோடு சரி. 2019க்குப் பிறகு படலையில் நின்ற எங்களையும் ஒருவர், "நித்திரை வருதோ?" என்று கேட்டதில்லை. செத்துப்போன அந்த மற்றவர் ஆறு மாதம் பை என்றாலே நடுங்கினார். நாங்கள் பகிடி பண்ணினோம்.

ஒருவர் கை உயர்த்தி, இங்கே அப்படி ஒரு நிலையம் தொடங்க முடியாதா என்று கேட்டார். அக்கா வாய் திறக்க முந்தி, நடத்துகிறவர் மணிக்கூட்டைக் காட்டிச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார். சான்றிதழில் என் பெயர் பிழை.

கேட்கிறவர்களுக்கு என் பதில்: 5க்கு மூன்றரை. கமரா பூட்டுவதா, ஆள் பழக்குவதா என்று சபையில் இழுபறி என்றால் முதலில் ஆளைப் பழக்குங்கள் (கமரா விற்கிற நான் சொல்கிறேன்). யூதரைப் பற்றி எங்களுக்கென்ன என்று யாராவது கேட்டால் தூரம் போகத் தேவையில்லை. 2024 ஐப்பசியில் அறுகம் குடாவில் இஸ்ரேலியப் பயணிகளைத் தாக்கத் திட்டம் என்று எச்சரிக்கை வந்து அந்தக் கரை முழுக்கப் பொலிஸை இறக்கினார்கள். எங்கள் நாடுதான்.

பக்கக் கதவை இப்போது வெளியே திறக்கிற மாதிரி மாற்றியாயிற்று. குடிலும் கொடித்தடியும் மேடைக்குப் பின்னால் போய்விட்டன. பூட்டு இல்லை, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள். சாமான் என் கடையில் எடுத்தது, வாங்கின விலைக்கே கொடுத்தேன், சபை இன்னும் பாதிக் காசுதான் தந்திருக்கிறது. நானாவைப் பற்றிப் பள்ளிவாசல்காரரிடம் கேட்டேன். புத்தளத்தில் மகளோடு இருக்கிறாராம். நம்பர் தந்தார்கள். இரண்டு தரம் எடுத்தேன், முதல் தரம் மகள் எடுத்தா, என்ன சொல்வதென்று தெரியாமல் கடைக் கணக்கு ஒன்று என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த பயிற்சி தை மாதம் என்று சொல்கிறார்கள். போகிறவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். கோயில் கதவுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கீறுகிற நேரம் மிச்சம். மட்டக்களப்பு அக்கா வருவதாக இருந்தால், அவரைக் காலையிலேயே பேசவிடச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள்.